விரல் பழகிய வாக்கியம்

1996ல் எங்க ஊர்ல குழாயடித் தகராறு ஒண்ணு. எங்க சித்தப்பாவை ஊர்த்தெருக்காரன் ஒருத்தன் டீக்கடை வாசல்ல நாலு பேர் பார்க்கச் சாதிப் பேரைச் சொல்லித் திட்டி, செருப்பால அடிச்சான். புகாரை நான்தான் எழுதினேன். ஒண்ணரைப் பக்கம். "கையெழுத்துல குடுத்தா ஸ்டேஷன்ல தொட மாட்டானுங்க பாப்பா, டைப் அடிச்சுக்கிட்டு வா" என்றார் கூட வந்த பெரியவர். கோர்ட்டு எதிரில் புளியமரத்தடியில் மிஷின் போட்டுக்கொண்டு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போனோம்.

அவர் அடிக்கிறதைப் பார்க்கவே அழகா இருந்துச்சு. கண்ணு என் தாள்ல, விரல் பத்தும் விசையில. ஒரு தடவைகூடக் குனிஞ்சு மிஷினைப் பார்க்கலை. பத்து நிமிஷத்துல தாளை உருவிக் கொடுத்தார். சித்தப்பா கைநாட்டு வெச்சார். ஸ்டேஷன்ல கொடுத்துட்டு வந்துட்டோம். வீட்டுக்கு வந்து கார்பன் நகலைப் படிச்சப்பதான் தெரிஞ்சது.

நான் எழுதியது: "பலர் முன்னிலையில் என்னைச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்." தாளில் இருந்தது: "என்னை ஆபாசமான வார்த்தைகளால் திட்டினார்."

அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா அந்த வித்தியாசத்துக்குள்ளதான் ஒரு சட்டமே இருக்குது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(10) பிரிவு, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நம்மை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றம் என்றது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, முன்ஜாமீன் கிடையாது. எங்க தாள்ல சாதியே இல்லை. அப்புறம் எங்கே அந்தப் பிரிவு வரும்? அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323 என்று இரண்டைப் போட்டார்கள். அடிச்சவன் அன்னைக்கே ஜாமீன்ல வந்து அதே டீக்கடையில உட்கார்ந்தான். (இன்று சட்டம் மாறியிருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கும் திருத்தத்தில், பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதற்குத் தனிப் பிரிவே உண்டு. ஆனால் புகாரில் அந்த வார்த்தை இருந்தால்தானே பிரிவு?)

அந்த டைப்பிஸ்ட் வேணும்னே செஞ்சார்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்ப அப்படி நெனைக்கலை. நானே பத்து விரலால் அடிக்கப் பழகின பிறகு புரிஞ்சது. வருசக்கணக்கா ஒரே வாக்கியத்தை அடிச்ச கை, பாதி வாக்கியம் வந்ததுமே மீதியைத் தானே முடிச்சிடும். "திட்டினார்" என்று முடியும் எந்த வாக்கியத்துக்கும் அவர் விரலில் "ஆபாசமான வார்த்தைகளால்" தயாராக இருந்திருக்கிறது. சாதிப் பெயர் அந்த விரல்களுக்குப் பழக்கமில்லை. பழகியிருக்க அவசியமே வரலை. வஞ்சகம்னா எதிர்த்துச் சண்டை போடலாம். பழக்கத்தோட எப்படிச் சண்டை போடுறது?

இதைச் சொன்னால் நம்ம தோழர்களுக்குச் சிரிப்பு வருது. "அரசியல் பேச வேண்டிய இடத்துல டைப்பிங் கிளாஸ் பத்திப் பேசுறியே" என்கிறார்கள். தட்டச்சு குமாஸ்தா வேலையாம், நாம் சிந்திக்க வேண்டியவர்களாம். அய்யா, தலை வேறே கை வேறே என்று பிரித்தது யார்? சிந்திக்கிறவன் மேலே, செய்கிறவன் கீழே என்று அடுக்கு வைத்தது எந்தத் தத்துவம்? மனுவைக் கொளுத்திவிட்டு வந்து உட்கார்ந்ததும் "அறிக்கையைச் சொல்றேன், அந்தப் பொண்ணை அடிக்கச் சொல்லு" என்கிறீர்களே, அந்தப் பொண்ணு யார்? இருபது வருசம் நான்தான் அந்தப் பொண்ணு. அறிக்கையில் என் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. எழுத்துப்பிழை வந்தால் மட்டும் என் பெயர் வரும்.

நானாக் கத்துக்கிட்ட கதையையும் சொல்லிடறேன். 1991ல் ப்ளஸ் டூ முடிச்சதும் தாலுகா டவுன்ல ஒரு தட்டச்சுப் பயிலகத்துல சேர்ந்தேன். மாசம் நாற்பது ரூபாய். அம்மா நடவுக் கூலியிலிருந்து கொடுத்தது. காலையில ஆறு மணி பேட்ச். முதல் பாடம் யளனகபக. அதையே ஒரு வாரம். எனக்கும் என் தெருப் பொண்ணுக்கும் மூலையில ஒரே மிஷின், அதுல 'க' விசை அடிச்சா மேல போய் நிக்கும், கையால எடுத்துவிடணும். 'க' இல்லாம தமிழ்ல எதை அடிக்கிறது? வேற மிஷின் கேட்டதுக்கு மாஸ்டர் என் கையைப் பார்த்துட்டுச் சொன்னார்: "உங்களுக்கெல்லாம் விரல் தடிமன். களை பிடுங்கின விரல். இது வீணை மாதிரி, எல்லாருக்கும் வராது." மூணாம் மாசம் நின்னுட்டேன்.

வீணையாம். எங்க அம்மா நாத்து நடும்போது பார்த்திருக்கிறீர்களா? இடது கையில் முடி, வலது கை பிரிச்சுப் பிரிச்சுச் சேத்துல ஊன்றிக்கொண்டே போகும். கண்ணு பக்கத்துல நடுறவ மேல, வாய் ஊர்க்கதையில. விரலைப் பார்த்து நட்டா அன்னைக்கு வேலை முடியாது, கூலியும் கிடையாது. பார்க்காமல் செய்வது, இரண்டு கைக்கும் வேறு வேறு வேலை கொடுப்பது, தாளம் தப்பாமல் போவது. தட்டச்சில் இதைத் தவிர வேறென்ன இருக்கிறது? சிண்டுக் குச்சி ஒரு கணக்கிலும் அடிக்குச்சி இன்னொரு கணக்கிலும் போகும் பறையடிப்பவனிடம் போய் ரெண்டு கைக்கும் ஒத்துவராது என்று சொல்லிப் பாருங்கள். சேத்துல வெந்த கையைப் புகழ்ந்து கவிதை பாட நான் வரலை. அந்தக் கை எங்க அம்மாவுக்கு அறுபது வயசுல விரல் மடக்க முடியாத கையாத்தான் மிஞ்சிச்சு. விரல் தடிமன் என்பது பொய் என்று மட்டும் சொல்கிறேன்.

பிறவியில் வருவதாக இருந்தால் பத்து விரல் தட்டச்சைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. அமெரிக்காவில் 1870களில் ரெமிங்டன் கம்பெனி தட்டச்சுப் பொறியை விற்க ஆரம்பித்தபோது அதை எப்படி அடிக்க வேண்டும் என்று ஒரு முறையும் நிலைபெற்றிருக்கவில்லை. சால்ட் லேக் சிட்டி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்த ஃபிராங்க் மெக்கரின் என்பவர் விசைகளின் இடத்தை மனப்பாடம் செய்து, பார்க்காமல் அடித்துப் பழகினார். 1888 ஜூலை 25 அன்று சின்சினாட்டியில் நடந்த போட்டியில் எதிராளியைத் தோற்கடித்தார். அதன் பிறகுதான் இந்த முறை பரவியது. ஒரு கோர்ட்டு ஊழியர் உட்கார்ந்து பழகினதுதானே இது. எந்தச் சரஸ்வதி வந்து யார் விரலில் எழுதினாள்?

நம் பக்கத்துக்கு வருவோம். பாபாசாகேப் எழுதியதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். அதைத் தட்டச்சு செய்த கையை எத்தனை பேருக்குத் தெரியும்? பஞ்சாபிலிருந்து டெல்லிக்கு வேலை தேடி வந்த நானக் சந்த் ரத்து, அரசு வேலை பார்த்துக்கொண்டே அவருக்குத் தட்டச்சு செய்தார். 'புத்தரும் அவர் தம்மமும்' அந்தக் கை வழியாக வந்ததுதான். 1956 டிசம்பர் 5 இரவு, அந்த நூலின் முன்னுரைத் தட்டச்சுப் படியைத்தான் அம்பேத்கர் தன் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். விடிந்தபோது அவர் இல்லை. அவர் காலத்தில் அச்சேறாத எவ்வளவோ எழுத்துகள் தட்டச்சுப் படிகளாகப் பெட்டிகளில் கிடந்தன. மகாராஷ்டிர அரசு 1979 முதல் தொகுதிகளாக வெளியிட்டபோது நமக்குக் கிடைத்தன. 1987ல் வந்த 'இந்து மதத்தின் புதிர்கள்' அப்படி வந்தது. அந்தக் கைகள் அவர் எழுதியதை அடித்தன. தங்களுக்குப் பழகிய வாக்கியத்தை அடிக்கவில்லை. புளியமரத்தடியில் எங்களுக்குக் கிடைக்காதது அதுதான்.

பயிலகத்துக்குத் திரும்புகிறேன். தமிழ்நாட்டில் அரசு டைப்பிஸ்ட் வேலைக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சுச் சான்றிதழ் வேண்டும். லோயருக்கு நிமிடத்துக்கு முப்பது வார்த்தை, ஹையருக்கு நாற்பத்தைந்து. தேர்வை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். கற்றுக்கொடுப்பது யார்? பெரும்பாலும் தனியார் பயிலகங்கள். இடஒதுக்கீட்டில் பதினெட்டு சதவீதம் நமக்கு உண்டு. ஆனால் அந்தக் கதவுக்குச் சாவி மாசக் கட்டணம் வாங்குகிறவர் மேசையில் கிடக்கிறது. 'க' விசை மேலே போய் நிற்கிற மிஷினில் பழகியவளுக்கு எந்த ஒதுக்கீடு என்ன செய்யும்? 2011ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் நம்ம புள்ளைங்க வீட்டுக்குள்ளேயும் கணினி வந்துச்சு. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனா பத்து விரலை எங்கே வைக்கணும்னு அதோட ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்திருந்தா என்ன? அதுல படம் பார்த்தாங்க, ரெண்டு விரலால பேரை அடிச்சுப் பார்த்தாங்க, பேட்டரி போச்சு.

"இப்பதான் போன் இருக்குதே, பேசினா அதுவே எழுதுதே" என்கிறார்கள் மாணவர்கள். பேசிப் பாருங்க. எங்க ஆயா பேசுற மாதிரி நான் பேசினேன். அது தனக்குத் தெரிஞ்ச தமிழா மாத்தி எழுதிக் காட்டுது. புளியமரத்தடிக்காரர் திரும்ப வந்து சட்டைப்பையில உட்கார்ந்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு. கட்டைவிரலால் செய்தி அனுப்பலாம். நாற்பது பக்க உண்மையறியும் குழு அறிக்கையைக் கட்டைவிரலால் அடிப்பீர்களா?

இன்னொன்று, ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழ் வரும் வழி. படித்தவர்களுக்கு அது வசதி, அதனால் அதுவே இயற்கை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்க தெருவில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை 'ழ'வை அடிக்க முதலில் எந்த ஆங்கில எழுத்து என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தாய்மொழிக்குள் போகவும் ஊர்த்தெருவைச் சுற்றிக்கொண்டு போகணுமா? 1999ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. உயிர் பன்னிரண்டு, மெய் வரிசைக்குப் பதினெட்டு, புள்ளி ஒன்று. முப்பத்தொரு விசை, ஷிப்ட் தேவையில்லை. உயிரெல்லாம் இடது கையில், மெய் கிட்டத்தட்ட எல்லாம் வலது கையில். 'சேரி' என்று அடித்துப் பாருங்கள். ச வலது, ஏ இடது, ர வலது, இ இடது. பறையடி மாதிரி மாறி மாறி விழும். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ. நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். (டைப்பிஸ்ட் தேர்வுக்குப் போகிறவர்கள் பழைய யளனகபக வரிசையைத்தான் படிக்கணும். அதில் குழப்பிக்கொள்ள வேண்டாம். வேலை வேறு, இயக்கம் வேறு.)

நான் கணினியில் பழகினது 2004ல், முப்பது வயசுக்கு மேல. யாரும் சொல்லித் தரலை. எஃப், ஜே விசைகள் மேல ஒரு சின்ன மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். இரண்டு ஆள்காட்டி விரலுக்கும் அதுதான் வீடு. மற்ற விரல்கள் பக்கத்தில் வரிசையாக உட்காரும். எங்கே போனாலும் வீட்டுக்குத் திரும்பணும். கையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுங்கள். ரெண்டு விரலில் வேகமாக அடித்தவர்களுக்கு முதல் இரண்டு வாரம் நரகம். இருந்த வேகமும் போய்விடும். ஆண் தோழர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஓடிப்போகிறார்கள். தப்பில்லாமல் அடிப்பதுதான் முதல் வேலை, வேகம் தானா வரும். ஞாயிற்றுக்கிழமை மூணு மணி நேரம் உட்காருவதைவிட தினம் இருபது நிமிஷம் மேல். எனக்கு மூணு மாசம் ஆச்சு. எங்க வகுப்புல ஒரு எட்டாவது படிக்கிற பொண்ணுக்கு அஞ்சு வாரம்தான்.

வகுப்புன்னா பெருசா எதுவும் இல்லை. காலனி சமுதாயக்கூடத்துல சாயங்காலம், ரெண்டு பழைய மடிக்கணினி, நாலு விசைப்பலகை, பதினோரு பிள்ளைகள். கணினி கிடைக்காதவங்க வெறும் விசைப்பலகையில, எதுலயும் சொருகாம, எழுத்தை வாய்விட்டுச் சொல்லி அடிப்பாங்க. பயிற்சிக்கு நரி தாண்டின கதையெல்லாம் நான் கொடுக்கிறதில்லை. நாலு வாக்கியம் கரும்பலகையில் இருக்கும். "என்னைச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார். அப்போது அங்கே பலர் இருந்தனர். அவர்களின் பெயர் வருமாறு. என் புகாருக்கு ரசீது தரவும்." ஒவ்வொன்றும் இருபது தடவை, துண்டுக்கு அடியில்.

விசைப்பலகை பத்தலை. வீட்டிலோ அலுவலகத்திலோ தூக்கிப்போட்டது இருந்தால் தோழர்கள் கொடுத்தனுப்புங்கள். எழுத்தெல்லாம் தேஞ்சு அழிஞ்சு போனதா இருந்தா இன்னும் நல்லது, துண்டு மிச்சம்.