நாப்பத்திரெண்டு வயசில் அரசறிவியல்

போன மாசம் தொலைதூரக் கல்வி மையத்துக்குப் போயிருந்தேன். மேசைக்குப் பின்னாலிருந்தவர் "பையனுக்கா, பொண்ணுக்கா?" என்றார். எனக்குத்தான் என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். என்ன பாடம் என்று கேட்டார். அரசறிவியல் என்றேன். "அதப் படிச்சி இந்த வயசுல இன்னா பண்ணப் போற?" வயசு தெரிந்ததும் 'ங்க' போய்விட்டது.

இதே கேள்வியைத் தோழர்களும் கேட்டார்கள். தலையங்கம் எழுதுறவனுக்கு டிகிரி எதுக்கு, போராட்டம்தான் நம்ம பல்கலைக்கழகம் என்றார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. அப்படிச் சொன்ன மூணு பேரில் ரெண்டு பேர் எம்.ஏ.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை கேட்டுத் தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் நடந்தது. ஊர்க்காரர்கள் தரப்பில் வந்தவர் ஊராட்சித் தீர்மானம், வகைமாற்றம், அதிகார வரம்பு என்று அடுக்கினார். அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதினார். எங்களிடம் நியாயம் இருந்தது. அந்த மொழி இல்லை. ஷூ கம்பெனியில் இருபது வருஷம் தோல் வெட்டிய கை எனக்கு. மனு எழுதத் தெரியும். யாருக்கு எழுதுவது, அவருக்கு என்ன அதிகாரம், அது அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை. அதைத்தான் படிக்கப் போகிறேன்.

ஆனால் எங்கே சேருவது? இதில்தான் நம்மாட்கள் ஏமாந்துபோகிறார்கள். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் பிளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டவர். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ இல்லாமலே சேரலாம் என்றார்கள், சேர்ந்தார். ராத்திரி காவல் வேலை பார்த்துக்கொண்டே 2007இல் பட்டம் வாங்கினார். தெருவில் லட்டு கொடுத்தோம். குரூப் 2 எழுதித் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனபோது திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2009இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு அரசாணை 107 போட்டது. பத்தாவது, பிளஸ் டூ முடித்துவிட்டு அதன்பின் திறந்தநிலையில் வாங்கிய பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும். அந்த அண்ணன் இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். பட்டச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. சட்டம் படிக்கலாம் என்று போனார். பார் கவுன்சில் விதியும் அதே வரிசையைத்தான் கேட்கிறது.

படிப்பை விட்டவர்கள் யார், எதனால் விட்டார்கள் என்று இந்த விதிகளை எழுதியவர்களுக்குத் தெரியாதா? பின்வாசலைத் திறந்து வைத்துக் கூப்பிட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் கூடத்துக்குப் போகும் கதவு பூட்டியிருக்கிறது. இதை எதிர்த்துப் பேசவேண்டும், பேசுவோம். அதுவரை நம் பிள்ளைகள் பலியாகக்கூடாது. அதனால் நான் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டையும் தனித்தேர்வராக எழுதினேன். ரெண்டு வருஷம் போச்சு, போகட்டும். இன்னொன்று, பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிசு என்பது போதாது. நாம் சேரும் அந்த வருஷத்தில், அந்தப் படிப்பைத் தொலைதூரத்தில் நடத்த யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மையத்துக்காரர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

அடுத்து பாடத்திட்டம். கட்டணம் கேட்பவர்கள் இதைக் கேட்பதில்லை. நான் நாலைந்து இடத்துப் பாடத்திட்டம் வாங்கிப் பார்த்தேன். பிளேட்டோ, அரிஸ்டாட்டில், ஹாப்ஸ், லாக், ரூசோ எல்லாவற்றிலும் உண்டு. படிக்கத்தான் வேண்டும், அவர்களை நாம் வெறுக்க ஒன்றுமில்லை. ஒன்றில் கௌடில்யருக்கு ஒரு முழு அலகு. அம்பேத்கர் வேறு நாலு பேரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 1932 புனா ஒப்பந்தம் இல்லை. 1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தி, பிறகு லண்டன் வட்டமேசை மாநாடு வரை போன இரட்டைமலை சீனிவாசன் இல்லை. 1907இல் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் இல்லை. 73ஆவது திருத்தம் இருக்கிறது, ரெண்டு மார்க் கேள்வியாக. அந்தத் திருத்தம் ஊருக்குள் வந்தபோது, 1997 ஜூனில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனைப் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 2006 வரை தலித் தலைவர் நிலைத்து உட்கார முடியவில்லை. இவை எந்த அலகில் வரும்?

நாலில் ஒன்றில் அம்பேத்கரும் பெரியாரும் தனித்தனி அலகாக இருக்கிறார்கள், சாதியும் அரசியலும் ஒரு தாளாக இருக்கிறது. பாடநூல் தமிழில் தருகிறார்கள். தொடர்பு வகுப்பு சனி, ஞாயிறுகளில். சனிக்கிழமை சம்பளம் போகும். அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். மாலைக் கல்லூரி கிடைத்தால் அதுதான் மேல், எதிரில் ஆசிரியர் இருந்தால் சண்டை போடலாம். எங்கள் கம்பெனி ஆறு மணிக்குத்தான் விடும்.

பாபாசாகேப் 1912இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளியலும் அரசறிவியலும் படித்துத்தான் பி.ஏ. ஆனார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்களும் படிக்கக் காலை வகுப்புகள் நடந்தன. கடைசியாக 1956 ஜூலையில் அரசியலுக்கு வருவோருக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். சேர்ந்தவர்கள் 15 பேர். டிசம்பரில் அவர் போனார், அடுத்த வருஷம் பள்ளியும் போனது. உலகமெல்லாம் படித்த மனுஷன் தன் கடைசி வருஷத்தில் எதற்காக அந்தப் பள்ளியைத் தொடங்கினார் என்று, போராட்டமே பல்கலைக்கழகம் என்கிற தோழர்கள் எனக்குச் சொல்லட்டும்.

என்னைப் பார்த்து எங்கள் தெருவில் நாலு பேர் தனித்தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். ஒருவர் என் மனைவி. அதே கம்பெனியில் தையல் பிரிவு. ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறோம். வரலாறு, அரசியல் அறிவியல் புத்தகம் ஒவ்வொன்றுதான் இருக்கிறது. பழைய புத்தகம் வைத்திருக்கும் மாணவத் தோழர்கள் இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். பக்கம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.