கேமரன் மலைக்கும் ஒரு கோதா வேண்டும்

உள்நாட்டு மல்யுத்தக் காட்சி என்று பேச்சை எடுத்தாலே இரண்டு தீர்ப்புகள் வந்து விழும். ஒன்று, அதெல்லாம் பொய்ச்சண்டை. இன்னொன்று, அமெரிக்காக்காரன் செய்கிற மாதிரி வருமா. 2012இல் தொடங்கிய சிங்கப்பூர் ப்ரோ ரெஸ்லிங்கும் 2014இல் கிளம்பிய மலேசியா ப்ரோ ரெஸ்லிங்கும் இந்த இரண்டு தீர்ப்புகளையும் தோளில் சுமந்துகொண்டுதான் இத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. தீர்ப்பு எழுதியவர்களில் எத்தனை பேர் கோதாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஓர் ஆட்டத்தையாவது முழுதாகப் பார்த்திருப்பார்கள்? பார்க்காதது அவர்கள் குற்றமும் ஆகாது. நம் நாட்டில் இந்தக் காட்சிகள் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றியே நடக்கின்றன. ஹாபுவிலோ சுங்கை பாலாஸ் தோட்டத்திலோ வளரும் ஒரு பிள்ளைக்கு அமெரிக்க மல்யுத்த வீரர் அண்டர்டேக்கரின் வருகை இசை மனப்பாடம். ஜான் சீனாவின் கையசைவு அத்துப்படி. ஆனால் கோலாலம்பூரில் மோதும் சொந்த நாட்டு வீரரைப் பார்க்க வேண்டுமென்றால் தாப்பா மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கி, இருநூறு கிலோமீட்டர் பயணம் செய்து, இரவோடு இரவாகத் திரும்பியாக வேண்டும். சிறிய மல்யுத்தக் காட்சிகளில் ரசிகரின் கருத்து என்பது ஆட்டம் முடிந்த பிறகு எழுதும் விமர்சனம் மட்டுமல்ல, ஆட்டத்தில் பாதியே அதுதான். அந்தப் பாதியைத் தரக்கூடிய ரசிகர்கள் மலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்கள் குரல் கைப்பேசித் திரைக்கு முன்னால் வீணாகிறது. அதனால் மல்யுத்த அமைப்புகள் மலைக்கு வர வேண்டும்; நம் சங்கங்களும் தோட்ட நிர்வாகங்களும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

ஆட்டத்தில் பாதி என்று சொல்வதை மிகைப்பேச்சு என்று நினைப்பவர்கள் 2020 ஏப்ரலில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். கொரோனா காரணமாக டபிள்யூ.டபிள்யூ.இ.யின் ஆண்டுத் திருவிழாவான ரெஸில்மேனியா, தம்பா நகரின் பெரிய விளையாட்டரங்கிலிருந்து ஒர்லாண்டோவில் உள்ள பயிற்சிக் கூடத்துக்கு மாற்றப்பட்டது. பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. அதே வீரர்கள், அதே விளக்குகள், அதே பணம். ஆனால் அடிக்கும் அடியெல்லாம் சுவரில் மோதித் திரும்பியது. வீரர் மூச்சு வாங்குவது காதில் விழுந்தது. யார் ஜெயித்தாலும் யாருக்கு என்ன என்ற உணர்வே மிஞ்சியது. உலகின் மிகப் பணக்கார மல்யுத்த நிறுவனமே கூட்டமில்லாமல் திணறியது. பிறகு அந்த நிறுவனம், வீட்டிலிருக்கும் ரசிகர்களின் முகங்களைத் திரைகளில் வரிசையாகக் காட்டி அரங்கை நிரப்பப் பார்த்தது. இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 2014 ஜனவரியில், அதே நிறுவனம் கூட்டத்தின் பலத்தை வேறு விதமாகச் சந்தித்தது. சிறு அமைப்புகளில் ஏறத்தாழ பத்தாண்டு பாடுபட்டு மேலே வந்த டேனியல் பிரையனை, வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக இறங்கும் ராயல் ரம்பிள் போட்டியில் இறக்கவில்லை என்பதற்காக, கடைசியாக வந்த ரே மிஸ்டீரியோவை, எல்லோருக்கும் பிடித்த அந்த மனிதரை, பிட்ஸ்பர்க் கூட்டம் கூச்சல் போட்டு விரட்டியது. ஏப்ரலில் ரெஸில்மேனியா மேடையில் பட்டத்தைக் கையில் ஏந்தி நின்றவர் பிரையன்தான். கதையை எழுதியவர்களை, கதையைப் பார்த்தவர்கள் மாற்றி எழுத வைத்தார்கள். கால்பந்தில் இது நடக்காது. கூட்டம் எவ்வளவு கத்தினாலும் பந்து கோலுக்குள் போனால்தான் கணக்கு.

இந்த வகை ரசிகத்தன்மை மலாயாத் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1947இல் பஞ்சாபிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த தாரா சிங், அங்கே ஆலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே கிரேட் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் பயிற்சி எடுத்தவர். பிறகு கோலாலம்பூரில் தர்லோக் சிங்கைத் தோற்கடித்து மலாயா சாம்பியன் என்ற பெயரைப் பெற்றார். பம்பாய்த் திரையுலகம் அவரை நாயகனாக்குவதற்கு வெகு காலம் முன்பே நம் மண்ணின் கூட்டம் அவரை நாயகனாக்கிவிட்டது. அவருக்கு எதிரில் நின்ற மாமிச மலை, ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா. கிங்காங் என்றால்தான் ஜனங்களுக்குத் தெரியும். 1970இல் இறந்த அவருக்குச் சிங்கப்பூரும் மலாயாவும் முக்கியக் களங்கள். தாரா சிங் – கிங்காங் குஸ்தி என்ற சொற்றொடர் தமிழில் பழமொழி அளவுக்கு ஊறிப் போயிருப்பதற்குக் காரணம், யார் யாரை எப்போது வென்றார் என்ற புள்ளிவிவரம் அல்ல. அது இன்று எவருக்கும் நினைவில்லை. ஒருவரை நேசிக்கவும் இன்னொருவரை வெறுக்கவும் கூட்டத்துக்கு முழு உரிமை இருந்தது என்பதே காரணம். அந்த உரிமையை நாம் தொலைக்காட்சி வந்த பிறகு மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்துவிட்டோம். இன்று அமெரிக்கக் கூட்டம் கத்துவதை இங்கே உட்கார்ந்து பார்க்கிறோம். அவர்கள் கேட்டது அவர்களுக்குக் கிடைக்கிறது.

பொய்ச்சண்டை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதை மறுக்க வேண்டிய அவசியமே இல்லை. 1989இலேயே, இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. எனப்படும் அதே அமெரிக்க நிறுவனம் நியூ ஜெர்சி மாநிலத்திடம், இது போட்டி அல்ல, கேளிக்கை என்று தானே ஒப்புக்கொண்டுவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டணங்களிலிருந்தும் கட்டுப்பாடுகளிலிருந்தும் தப்பிப்பதற்காகச் சொன்னது அது. முடிவு முன்கூட்டியே தீர்மானமானது என்பது ரசிகர் அனைவருக்கும் தெரியும். தெரிந்தே வருகிறார்கள். தெருக்கூத்தில் துரியோதனன் சாவான் என்று தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள் நம் முன்னோர்? கூத்தையும் நாடகத்தையும் தோட்டப்புறத்துக்குக் கொண்டுவந்து, பகலில் வேலையும் இரவில் வேஷமுமாக வாழ்ந்த பாட்டாளிகளின் பேரப்பிள்ளைகள், முடிவு தெரிந்த ஆட்டத்தில் சுவை ஏது என்று கேட்பது பொருந்தவில்லை. பொய்யாக இருப்பது முடிவு மட்டும்தான், விழுவது மெய். கோதாவின் தளம் என்பது இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, பலகையின் மேல் மெல்லிய நுரைப் பாய், அதன் மேல் இழுத்துக் கட்டிய கித்தான். அவ்வளவுதான். வீரர் மல்லாந்து விழும்போது மோவாயை மார்போடு ஒட்ட வைத்து, முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தளத்தில் படும்படியும் இரு கைகளும் அகலப் பரந்து தட்டும்படியும் விழ வேண்டும். தலை ஒரு கணம் பின்னால் சாய்ந்தால் மூளை அதிரும். தூக்கிப் போடுகிறவர் கையில்தான் விழுகிறவர் கழுத்து இருக்கிறது. முதல் வரிசையில் உட்கார்ந்தவருக்கு அந்தப் பலகை அதிர்வது காலடியில் தெரியும். ஆறு அங்குலத் திரையில் அது தெரிய வழியில்லை. பொய் என்ற தீர்ப்பு பெரும்பாலும் திரை எழுதிய தீர்ப்பு.

அடுத்தது, தரம். உள்ளூர் வீரர்களின் உடற்கட்டு போதாது, அசைவு தடுமாறுகிறது, விளக்கு மங்கல், கூடம் சிறியது என்று ரசிகர்கள் சொல்லும் குறைகளில் உண்மை உண்டு. வாரத்தில் ஐந்து நாள் வேறு வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் மோதுகிறவரையும், அதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டு கோடிகளில் ஊதியம் பெறுகிறவரையும் ஒரே தராசில் வைத்தால் தட்டு ஒரு பக்கம்தான் சாயும். ஆனால் சிறியதாக இருப்பது குறையாகத்தான் இருக்க வேண்டுமா? ஜப்பானிய வீராங்கனை எமி சகுரா 2012இல் தாய்லாந்தில் தொடங்கிய காட்டோ மூவ் என்ற அமைப்பு, பின்னர் தோக்கியோவின் இச்சிகாயா பகுதியில் ஓர் அறையில் காட்சி நடத்தியது. கோதாவே கிடையாது. கயிறு கிடையாது. தரையில் ஒரு பாய், சுற்றிலும் நூறு பேருக்கும் குறைவான ரசிகர்கள். கயிற்றின் மேல் ஏறிக் குதிப்பதற்குப் பதிலாக வீராங்கனைகள் ஜன்னல் கட்டையில் ஏறிக் குதித்தார்கள். அந்த ஜன்னலைப் பார்ப்பதற்காகவே வெளிநாட்டிலிருந்து ரசிகர்கள் போனார்கள். இடம் இல்லாமையையே அவர்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள். பெரிய காட்சிக்கும் இதே ரசிகர் ஆதரவுதான் மூலதனம். பெரிய நிறுவனத்தின் தயவில்லாமல் பத்தாயிரம் பேரைக் கூட்டவே முடியாது என்ற பேச்சுக்குச் சவாலாக, அமெரிக்க வீரர்களான கோடி ரோட்ஸும் யங் பக்ஸ் சகோதரர்களும் 2018 செப்டம்பர் 1 அன்று சிகாகோ அருகே நடத்திய ஆல் இன் காட்சிக்கு டிக்கெட்டுகள் அரை மணி நேரத்தில் தீர்ந்தன. ஆண்டுக்கணக்காகச் சின்னக் கூடங்களுக்கு வந்து, நன்றாக இருந்தால் தட்டி, மோசமாக இருந்தால் முகத்துக்கு நேரே சொன்ன ரசிகர்கள் இல்லையென்றால் அந்த அரை மணி நேரம் வந்திருக்காது. நம் வீரர்களுக்கு இப்போது அதிகம் கிடைப்பது இரண்டு வகைப் பேச்சு: நம்ம பையன் என்ற பரிவு, அல்லது இதெல்லாம் ஒரு ஆட்டமா என்ற ஏளனம். இரண்டாலும் அவர்கள் தேறப் போவதில்லை. மூன்றாவது வகை, அதாவது ஆட்டத்தைக் கவனித்து இன்ன இடத்தில் கதை தொய்ந்தது என்று சொல்லும் ரசிகர், நேரில் தொடர்ந்து பார்த்தால்தான் உருவாவார்.

வன்முறையைப் பற்றிய கவலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குண்டர் கும்பல் கலாசாரத்தால் எத்தனையோ இளைஞர்களை இழந்த சமுதாயம் இது. மண்டபத்தில் சண்டைக் காட்சி வைக்கிறோம் என்றால் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். அந்தக் கவலையை மதிக்கிறேன். ஆனால் தெருச் சண்டையில் எதிராளிக்கு அதிகபட்சக் காயம் விளைவிப்பதே நோக்கம். மல்யுத்த மேடையில் எதிராளி நாளைக் காலை நலமாக எழுந்து வேலைக்குப் போவது இவருடைய பொறுப்பு. இந்தப் பொறுப்பைக் கற்றுக்கொடுக்கும் இடங்கள் இளைஞர்களுக்குக் குறைவாகவே இருக்கின்றன. கைப்பேசியில் பார்த்துவிட்டுத் தம்பியைக் கட்டிலிலிருந்து தூக்கிப் போடும் பிள்ளை, பயிற்சி பெற்றவர் நேரில் வந்து எப்படி விழ வேண்டும், ஏன் வீட்டில் செய்யக் கூடாது என்று காட்டினால் அடங்குவதற்கு வாய்ப்பு அதிகம். அதேசமயம், சிறிய அமைப்பு என்பதால் எல்லாம் சுத்தம் என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2020 ஜூனில் பிரிட்டன், அமெரிக்காவின் சிறு மல்யுத்த அமைப்புகளில் நடந்த பாலியல் அத்துமீறல்களைப் பாதிக்கப்பட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே சொன்னார்கள். பல பெயர்கள் சரிந்தன. எனவே அழைக்கும் சங்கம் சில விஷயங்களைக் கறாராகக் கேட்க வேண்டும்: சிறுவர்கள் இருக்கும் பயிற்சியில் யார் பொறுப்பு, மேடையருகே மருத்துவ உதவியாளர் உண்டா, தலையில் அடிபட்டவரை உடனே ஆட்டத்திலிருந்து விலக்குவார்களா. பதில் இல்லையென்றால் அழைக்க வேண்டாம்.

மலையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் கேட்பார்கள். 1929இல் போ நிறுவனம் தோட்டம் போட்ட காலத்திலிருந்து கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பங்களில் பல இறங்கிப் போய்விட்டன. இன்று தேயிலைச் சரிவுகளிலும் காய்கறிப் பண்ணைகளிலும் வேலை செய்பவர்களில் பெரும்பகுதி வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். எனக்கு இது காட்சியை நடத்துவதற்கான காரணமாகத்தான் தெரிகிறது. மல்யுத்தம் மொழி கேட்காத கலை. கெட்டவன் யார் என்பது அவன் நடந்து வரும்போதே புரிந்துவிடும். வங்காளதேசத் தொழிலாளி வருவது 1909 முதல் சிட்டகாங்கில் ஜப்பார் பலி கேலா என்ற மல்யுத்தத் திருவிழா நடக்கும் நாட்டிலிருந்து. தாரா சிங் காலத்து அரங்கிலும் சீனர், மலாய்க்காரர், தமிழர், சீக்கியர் கலந்துதான் உட்கார்ந்தார்கள். இன்றைய மேடையும் கலவையானதுதான்: பீனிக்ஸ் என்ற பெயரில் மோதும் நோர் டயானா, முக்காடு அணிந்த இளம்பெண், 2019 ஜூலையில் நான்கு ஆண் வீரர்களை வென்று மலேசியா ப்ரோ ரெஸ்லிங்கின் பட்டத்தை எடுத்தபோது அவருக்கு வயது 19. முக்காடு போட்டவர் மல்யுத்தம் செய்யலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அரங்கில் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியவர்களும் இருந்தார்கள். முன்னவர்களுக்கு அவர் தன் ஆட்டத்தாலேயே பதில் சொன்னார். ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளை அந்த ஆட்டத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

செலவு கட்டுபடியாகுமா என்பது நியாயமான கேள்வி. கோதாவைக் கழற்றி லோரியில் ஏற்றி, மலைப்பாதையில் கொண்டுவந்து, நாலைந்து பேர் மணிக்கணக்கில் பூட்ட வேண்டும். தோட்டச் சம்பளத்துக்குக் கோலாலம்பூர் டிக்கெட் விலை ஒத்துவராது. ஆகவே முதல் காட்சிக்கு முழு கோதாவே வேண்டாம் என்பேன்; தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ ஒரு பொது மண்டபம், நல்ல தடித்த பாய், ஆறு வீரர்கள், மூன்று ஆட்டம் போதும். பள்ளி விடுமுறையில், சுற்றுப்பயணிகள் பிரிஞ்சாங்கில் குவியும் சனிக்கிழமை மாலையில் வைத்தால் வெளியூர்க்காரரிடம் முழு விலையும் உள்ளூர் தோட்டக் குடும்பங்களிடம் பெயருக்கு ஒரு கட்டணமும் வாங்கலாம். இலவசமாக வைக்கக் கூடாது. இரண்டு வெள்ளியாவது கொடுத்து வந்தவருக்குத்தான், பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை முழுதாக இருக்கும். அந்தச் சொல்லைக் கேட்கத்தானே வீரர்களை மேலே அழைக்கிறோம். ஆட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்கி, வீரர்கள் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போகட்டும். தமிழ், மலாய், வங்காளம், நேப்பாளி, எந்த மொழியில் வந்தாலும் சரி.