மலிவு வானூர்தியும் தமிழன் மூட்டையும்

வானூர்தியில் அடிக்கடி பறப்பவன் என்றவுடன், கழுத்துப்பட்டை கட்டிக் கைப்பெட்டி ஏந்திய வணிகனே பலர் நெஞ்சில் தோன்றுகின்றான். திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையத்து வாயிலில் ஓர் இரவு நின்று நோக்குவார்க்கு அம் மயக்கம் தீரும். கயிற்றால் வரிந்து கட்டிய அட்டைப் பெட்டியும், அதன்மேல் மையால் எழுதிய ஊர்ப்பெயருமாக வந்திறங்கும் கொத்தனும், பற்றவைப்போனும், உணவகப் பணியாளனுமே அங்கு அடிக்கடி பறப்போர். உள்நாட்டுப் பயணிகளினும் வெளிநாட்டுப் பயணிகள் மிக்க நிலையம் அது. அம் மிகுதி சிங்கைக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகட்கும் பிழைக்கச் சென்ற தமிழரால் வந்தது.

இவர்தம் பாட்டன்மார் நாகையில் கப்பலேறினர். சென்னைக்கும் சிங்கைக்கும் இடையே ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் தீப்பற்றியதோடு அக் கடல்வழியும் ஓய்ந்தது. வானூர்திக் கட்டணமோ எளியவன் கைக்கு எட்டாதிருந்தது. அதனை எட்டச் செய்தது மலிவு வானூர்தியே. அதனை இகழ்வார் கூற்றில் பொருளில்லை. 1971-இல் அமெரிக்காவின் டெக்சாசில் பறக்கத் தொடங்கிய சவுத்வெசுட்டு நிறுவனம் வகுத்த வழி எளியது: ஒரே வகை ஊர்தி, ஒரே வகுப்பு, விருந்தில்லை, இறங்கிய ஊர்தி விரைந்து மீண்டும் பறத்தல். இந்தியாவில் 2003-இல் கோபிநாத்து தொடங்கிய ஏர் டெக்கான் அவ்வழியே சென்றது. கடனோடு கிடந்த ஏர் ஏசியா 2001-இல் ஒரே ஒரு மலேசிய வெள்ளிக்குக் கைம்மாறி அவ்வழி புகுந்தது. 2008-இல் அந் நிறுவனம் இந்தியாவில் முதன்முதல் வந்திறங்கிய ஊர் தில்லியுமன்று, மும்பையுமன்று, திருச்சிராப்பள்ளி! எளிய தமிழனின் காசு எங்கிருக்கிறது என்பதை வணிகன் அறிந்திருந்தான்.

ஆனால், மலிவு என்பது விலையைக் குறைத்தல் மட்டுமன்று, விலையைக் கூறுபோடுதலும் ஆகும். இருக்கைக்கு ஒரு விலை, மூட்டைக்கு ஒரு விலை, சோற்றுக்கு ஒரு விலை. திரையில் தானே பார்த்துச் சீட்டு வாங்குபவன் இதனை அறிவான். முகவர் வாங்கிக் கொடுத்த சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருபவன் அறிவது, எடைப்பொறியின் முன் நிற்கும்போதுதான். எடை மிகுந்ததெனப் பணிப்பெண் சொன்னதும், வழியிலேயே மூட்டை அவிழ்கிறது. தாய் இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூளை எடுப்பதா, முறுக்கை எடுப்பதா? பின்னிற்பவர் முணுமுணுக்கின்றனர். ஒருவன் இரண்டு சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்துகொள்கிறான். கைப்பைக்கு மாறிய ஊறுகாயோ, 2006-இல் இலண்டனில் வெளிப்பட்ட சூழ்ச்சிக்குப்பின் வந்த நீர்மக் கட்டுப்பாட்டால் சோதனை மேசையில் நின்றுவிடுகிறது. எத்தனை கிலோ என்பதைச் சீட்டின் தலையிலேயே தமிழில் அச்சிட்டிருப்பின், இத்தனை இழிவும் வீட்டுத் திண்ணையிலேயே தவிர்ந்திருக்கும்.

நாட்டை விட்டுப் புறப்படுவோர் ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டியிருந்த தாள் 2017 சூலையில் நீக்கப்பட்டது. அதற்குமுன், எழுதத் தெரிந்த முகத்தைத் தேடி அலைந்தோர் எத்துணையர்! நிலைய அறிவிப்புகள் முதலில் அவ்வப் பகுதியின் மொழியில் அமைதல் வேண்டுமென நடுவணரசே 2018 திசம்பரில் நெறி விடுத்தது. ஊர்திக்குள்ளோ நிலை வேறு. வானோடி ஒருவர் தமிழில் அறிவித்தால் அது நாடெங்கும் வியப்புச் செய்தியாகிறது. தமிழ் மண்ணினின்று எழும் ஊர்தியில் தமிழ் கேட்பது வியப்பாகலாமா? இருக்கை வாரும் உயிர்காப்பு உடையும் பற்றிய சொல், கேட்போன் உயிர்பற்றிய சொல் அன்றோ?

2020 ஆகசுட்டில், சென்னை நிலையத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுமாறு கேட்டபோது, 'நீங்கள் இந்தியரா' எனக் காவலர் ஒருவர் வினவியதாக நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி வெளிப்படுத்தினார். உசாவலும் நடந்தது. உறுப்பினரிடமே அவ் வினா எழுமாயின், கொத்தனிடம் எழும்போது உசாவுவார் யார்?

திருச்சிராப்பள்ளியில் ஆயிரத்து நூறு கோடிக்கு மேல் செலவிட்டு எழுப்பிய புதிய முனையம் 2024 சனவரியில் திறக்கப்பெற்று, அவ்வாண்டு சூனில் பயனுக்கு வந்தது. திருவரங்கக் கோபுர வண்ணமும் கோல ஒப்பனையும் அதில் மிளிர்கின்றன, நன்று. அவ் வண்ணச் சுவரின் கீழ், கடவுச்சீட்டு மேசைதோறும் தமிழறிந்தோர் அமர்தல் வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு சீட்டிலும் மூட்டை எடையும் மிகைக் கட்டணமும் தமிழில் இருத்தல் வேண்டும். சிங்கையில் ஆட்சிமொழி நான்கனுள் தமிழும் ஒன்று. அங்கிருந்து திரும்பும் தொழிலாளி தன் ஊர் வாயிலில் இவ்வளவேனும் கேட்கின்றான். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் இதனை வரும் கூட்டத்திலேயே எழுப்புக.