சுகர், பிபி இருந்தால் ஆயுள் காப்பீடு கிடைக்குமா? மறைத்தால் என்ன ஆகும்?

“சுகர் இருக்குன்னு ஃபார்ம்ல எழுதாதீங்க சார். மெடிக்கல் டெஸ்ட், எக்ஸ்ட்ரா பிரீமியம்னு இழுத்துக்கிட்டே போகும். மூணு வருஷம் ஓடிட்டா யாரும் எதுவும் கேட்க முடியாது.”

ஆயுள் காப்பீடு எடுக்கப் போகிறவர்கள் முகவரிடமோ, அலுவலக நண்பரிடமோ அடிக்கடி கேட்கும் ஆலோசனை இது. இதில் பாதி சட்டப்படி சரி. மீதியை நம்பினால் கடைசியில் மாட்டிக்கொள்வது குடும்பம்தான்.

இது ஏதோ சிலருக்கான பிரச்சினையும் இல்லை. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஐசிஎம்ஆர் நிதியுதவியுடன் நடத்திய நாடு தழுவிய ஆய்வு, 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் அது மதிப்பிட்டது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று பொறுப்புகள் கூடும் வயதில்தான் சுகரும் பிபியும் எட்டிப் பார்க்கின்றன. காப்பீடு அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான்.

நோய் இருந்தால் பாலிசி கிடைக்காதா?

கிடைக்கும். நோயின் பெயரை மட்டும் பார்த்துக் காப்பீட்டு நிறுவனம் முடிவு செய்வதில்லை. எத்தனை வயதில் நோய் வந்தது, எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது, கண், சிறுநீரகம், இதயம் பாதிக்கப்பட்டுள்ளதா என்றுதான் பார்க்கும். நீரிழிவு என்றால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, கூடவே இசிஜி, கொழுப்பு, சிறுநீர்ப் பரிசோதனைகள், உடல் எடை எல்லாம் கணக்கில் வரும். புகைப்பழக்கமும் சேர்ந்தால் ரிஸ்க் இன்னும் கூடும்.

முடிவு ஐந்து விதமாக இருக்கலாம்: வழக்கமான பிரீமியத்திலேயே ஏற்பது, கூடுதல் பிரீமியம் கேட்பது, கேட்ட தொகையையோ கால அளவையோ குறைப்பது, சில மாதங்கள் கழித்து வரச் சொல்வது, முழுதாக மறுப்பது. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கும் பிபிக்கு முதல் இரண்டில் ஒன்று அமைய வாய்ப்பு அதிகம். சமீபத்தில் மாரடைப்பு வந்தவருக்கு, ஸ்டென்ட் வைத்தவருக்கு, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்குத் தள்ளிவைப்போ மறுப்போ வரலாம்.

எச்ஐவி விஷயத்தில் தனிச் சட்டமே உள்ளது. 2017-ல் இயற்றப்பட்ட எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, தொற்று இருக்கிறது என்பதற்காக மட்டும் காப்பீட்டை மறுக்க முடியாது. மறுப்பதற்குப் புள்ளிவிவர அடிப்படையிலான ரிஸ்க் கணக்கீடு ஆதாரமாக இருக்க வேண்டும்.

கூடுதல் பிரீமியம் எவ்வளவு வரும்?

இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஓர் உதாரணத்துக்கு, ஆரோக்கியமானவருக்கு ஆண்டுக்கு ரூ.15,000 பிரீமியம் உள்ள டேர்ம் பாலிசிக்கு 50 சதவீதம் கூடுதலாகக் கேட்டால் ரூ.22,500 ஆகும். மாதத்துக்கு ரூ.625 கூடுதல். ஒரு நிறுவனம் 75 சதவீதம் கேட்கும் இடத்தில் இன்னொன்று 25 சதவீதத்தில் முடிக்கலாம். ஒரே இடத்தில் கேட்டுவிட்டு “நமக்குக் கிடைக்காது” என்று விட்டுவிட வேண்டியதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்பு டேர்ம் பாலிசிக்கு 18 சதவீதம் வரி இருந்தது. மேலே சொன்ன ரூ.22,500-க்கு மட்டும் ரூ.4,050 வரி கட்ட வேண்டியிருந்திருக்கும்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். வழக்கமான டேர்ம் பாலிசியில் அப்படி இல்லை. நோயைச் சொல்லி, நிறுவனம் ஏற்றுக்கொண்டு பாலிசி தந்துவிட்டால், அதே நோயால் மரணம் நேர்ந்தாலும் பணம் கொடுக்க வேண்டும். கூடுதல் பிரீமியம் வாங்குவதே அதற்காகத்தான்.

அந்த ‘மூணு வருஷம்’ கதை என்ன?

அது காப்பீட்டுச் சட்டம் 1938-ன் 45-வது பிரிவு. 2015-ல் திருத்தப்பட்ட பிறகு, மூன்று ஆண்டுகள் கடந்த பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் நிறுவனம் கேள்வி கேட்க முடியாது. முகவர் சொல்லும் பாதி உண்மை இதுதான்.

சொல்லாமல் விடுவது மூன்று.

முதலாவது, மரணம் மூன்று ஆண்டுகளுக்குள் நேர்ந்தால் நிறுவனம் மருத்துவமனைப் பதிவுகள் வரை தோண்டும். தகவலை மறைத்ததாக முடிவானால் இழப்பீடு கிடைக்காது. கட்டிய பிரீமியம் மட்டும் 90 நாட்களுக்குள் திரும்ப வரும். மோசடி என்று நிரூபணமானால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

இரண்டாவது, மோசடி என்று நிறுவனம் குற்றம் சாட்டினால், பாலிசிதாரர் உயிரோடு இல்லாத நிலையில் அது மோசடி அல்ல என்று காட்டும் பொறுப்பு பயனாளியின் தலையில் விழுகிறது. ஃபார்மில் கணவர் என்ன எழுதினார், முகவர் என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார் என்பது மனைவிக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது, பிரீமியம் கட்டாமல் காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால் மூன்று ஆண்டுக் கணக்கு அந்தத் தேதியிலிருந்து மறுபடி ஆரம்பமாகும். இடையில் சுகர் வந்திருந்தால், புதுப்பிக்கும்போது தரும் உடல்நல உறுதிமொழியில் அதைச் சொல்லியாக வேண்டும்.

நீதிமன்றங்கள் என்ன சொல்கின்றன?

2014-ல் ஒருவர் தனியார் நிறுவனத்தில் பாலிசி எடுத்து, சரியாக ஒரு மாதத்தில் இறந்தார். ஹெபடைடிஸ் சி பாதிப்புக்குச் சிகிச்சை பெற்றதை விண்ணப்பத்தில் அவர் சொல்லவில்லை. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. வழக்கு நடந்தபோதே வழங்கப்பட்டுவிட்ட தொகையை, இறந்தவரின் 70 வயதுத் தாயின் நிலையைக் கருதித் திரும்ப வசூலிக்க வேண்டாம் என்று மட்டும் கூறியது.

2015-ல் எல்ஐசி தொடர்பான வழக்கில் வேறு முடிவு வந்தது. இறந்தவர் முதுகுத்தண்டுப் பிரச்சினையை மறைத்திருந்தார். ஆனால் இறந்தது மாரடைப்பால். மறைத்த நோய் உயிருக்கு ஆபத்தானதும் அல்ல, மரணத்துக்குக் காரணமும் அல்ல என்று கூறி, இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

45-வது பிரிவும் இதை ஒட்டியே போகிறது. மோசடி அல்லாமல் வெறும் தகவல் மறைப்பு என்றால், உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே தந்திருக்க மாட்டோம் என்று நிரூபிப்பது நிறுவனத்தின் வேலை. ஆனால் சுகர், இதயம், கல்லீரல் விஷயத்தில் “அது சின்ன விஷயம்” என்று வாதாடி ஜெயிப்பது கஷ்டம்.

எதைக் கவனிக்க வேண்டும்?

- ஃபார்மை நீங்களே நிரப்புங்கள். முகவர் நிரப்பினாலும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். என்ன மாத்திரை, எந்த ஆண்டிலிருந்து, எப்போது மருத்துவமனையில் சேர்ந்தீர்கள் என்று எழுத்தில் தாருங்கள்.
- முன்பு எந்த நிறுவனமாவது மறுத்திருக்கிறதா என்ற கேள்வி ஃபார்மில் வரும். எனவே ஒரே நேரத்தில் நான்கைந்து இடங்களில் விண்ணப்பிக்காமல், ரிப்போர்ட்களைக் காட்டி முதலில் விசாரியுங்கள்.
- விண்ணப்பித்த பிறகு, பாலிசி கைக்கு வரும் முன் புதிதாக நோய் தெரிந்தாலும் சொல்லுங்கள். பாலிசி நடைமுறைக்கு வந்த பிறகு வரும் நோயால் டேர்ம் பிரீமியம் உயராது.
- பாலிசியுடன் வரும் விண்ணப்ப நகலைச் சரிபாருங்கள். சொன்னது ஒன்று, பதிவானது வேறு என்றால் உடனே எழுத்தில் திருத்தம் கேளுங்கள். பிடிக்காவிட்டால் ரத்து செய்ய 30 நாள் அவகாசம் உண்டு.
- அலுவலகத்தின் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் ஒரு வரம்பு வரை மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஆனால் பொதுவாக வேலையை விட்டால் அதுவும் போய்விடும்.

எல்லோரும் மறுத்துவிட்டால்?

வங்கிக் கணக்கு இருந்தால் 18 முதல் 50 வயது வரை பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு ரூ.436 பிரீமியம், ரூ.2 லட்சம் காப்பீடு. மருத்துவப் பரிசோதனை இல்லை. சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம் கிடைக்கும். ஒரு குடும்பத்துக்கு ரூ.2 லட்சம் போதாதுதான். ஆனால் பெரிய பாலிசி கிடைக்கும் வரை ஒன்றுமில்லாமல் இருப்பதற்கு இது மேல்.

இழப்பீடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடம் புகார் தர வேண்டும். அங்கும் மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். ரூ.50 லட்சம் வரையிலான புகார்களை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. அங்கே குடும்பத்துக்குக் கைகொடுக்கப் போவது, நோயை மறைக்காமல் எழுதிய அந்த விண்ணப்ப நகல்தான். பாலிசியோடு சேர்த்து அதையும் பத்திரப்படுத்தி, எங்கே இருக்கிறது என்று நாமினியிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.