மாத்திரைக்கு முன்னால் டப்பா

போன வருஷம் புரட்டாசி மாதம் ஒரு நாள் காலையில் கும்பகோணத்திலிருந்து அக்கா போன் செய்தாள். "தம்பி, ரெண்டு நாளா ஒண்ணுக்குப் போனா எரியுது. அடிக்கடி வேற போகணும்போல இருக்கு. டாக்டர்கிட்ட போகணுமா, நீயே ஏதாவது சொல்றியா?" என்றாள். அக்காவுக்கு 74 வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. நான் கையில் காபி டம்ளரோடு இருந்தேன். யோசிக்கக்கூட இல்லை. "சிப்ரோ ஐந்நூறு வாங்கி காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடுக்கா. மூணு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

இதைச் சொன்னவன் யார் தெரியுமா? அரசு மருத்துவமனைகளின் நுண்ணுயிரியல் லேபில் 33 வருஷம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். "ஆன்டிபயாடிக் போடறதுக்கு முன்னாடி சாம்பிள் எடுத்தீங்களா?" என்று வார்டு நர்ஸ்களிடம் ஆயிரம் தடவை கேட்டவன். சொந்த அக்காவிடம் கேட்கத் தோன்றவில்லை. அதற்கு அவள் என்ன விலை கொடுத்தாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்தக் கேள்வியை லேபில் ஏன் அப்படி விடாமல் கேட்போம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாம் 'கிருமி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். லேபில் அப்படி முடியாது. 1884-ல் பெர்லினில் வேலை பார்த்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் டாக்டர் ஒரு சாயமுறையைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் எல்லா லேபிலும் அதுதான் முதல் படி. ஸ்லைடில் சாம்பிளைப் பூசி, ஊதாச் சாயம் விட்டு, அயோடின் விட்டு, ஆல்கஹாலில் கழுவி, கடைசியில் சிவப்புச் சாயம் விடுவோம். சில நிமிஷ வேலை. மைக்ராஸ்கோப்பில் ஊதாவாகத் தெரிந்தால் கிராம் பாசிட்டிவ். சிவப்பாகத் தெரிந்தால் கிராம் நெகட்டிவ்.

இது வெறும் கலர் சமாசாரம் இல்லை. கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவின் சுவர் தடிமனானது, அதனால் சாயத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. கிராம் நெகட்டிவுக்குச் சுவர் மெலிசு, ஆனால் அதற்கு வெளியே இன்னொரு உறை இருக்கிறது. அந்த உறை பல மருந்துகளை உள்ளே விடாது. வான்கோமைசின் என்ற ஊசியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பெரிய மருந்து என்று பெயர். கிராம் நெகட்டிவ் கிருமியிடம் அது செல்லாது, அந்த உறையைத் தாண்டி உள்ளே போக முடியாத அளவுக்குப் பெரிய மூலக்கூறு. ஆகவே 'ஸ்ட்ராங் மருந்து' என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்தக் கிருமிக்கு என்பதுதான் கேள்வி.

நிறத்துக்கு அடுத்து வடிவம். திராட்சைக் கொத்துபோல் உருண்டைகள் என்றால் ஸ்டாஃபிலோகாக்கஸ், மணிமாலைபோல் கோர்த்திருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஊகிப்போம். சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலும் வருகிற ஈ.கோலை, கிராம் நெகட்டிவ் குச்சி. காசநோய்க் கிருமியோ இந்த இரண்டு கணக்கிலும் சேராது. அதன் மெழுகுச் சுவருக்குத் தனிச் சாயம், தனி மருந்துகள்.

இதற்கு மேல்தான் கல்ச்சர். சாம்பிளைத் தட்டில் தடவி, 37 டிகிரி சூட்டில் ஒரு ராத்திரி வைப்போம். மறுநாள் வளர்ந்திருப்பது என்ன கிருமி என்று பார்த்து, அதையே இன்னொரு தட்டில் பரப்பி, மேலே மருந்து தோய்த்த சின்னச் சின்ன வட்ட வில்லைகளை வைப்போம். அடுத்த நாள் காலை வேலை செய்கிற மருந்தைச் சுற்றி கிருமி வளராத ஒரு வளையம் தெரியும். வேலை செய்யாத வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்து நிற்கும். அந்த வளையத்தை மில்லிமீட்டரில் அளந்துதான் ரிப்போர்ட்டில் எஸ், ஆர் என்று போடுகிறோம். எஸ் என்றால் மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது.

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "எதுக்கு வளையம் பெருசு? அதையே வாங்கிடறேன்" என்று கேட்டவர்கள் உண்டு. அது தப்பு. ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு. ஒன்றுக்கு 17 மில்லிமீட்டரே போதும், இன்னொன்றுக்கு 25 கூடப் போதாது. எஸ் போட்டிருக்கும் மருந்துகளில் எது என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். அதிலும் நம் வயதில். நைட்ரோஃபுரன்டாய்ன் என்ற மாத்திரை சிறுநீர்ப் பையில் நன்றாக வேலை செய்யும், ரத்தத்தில் பரவிய தொற்றுக்கு உதவாது, சிறுநீரகம் ரொம்பத் தளர்ந்தவர்களுக்கும் சரிப்படாது. நான் வாய் கூசாமல் சொன்ன சிப்ரோ, அறுபது தாண்டியவர்களுக்குக் குதிகால் தசைநாரைப் பாதிக்கும் அபாயம் கூடுதல் என்று எச்சரிக்கை உள்ள மருந்து. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குப் பல ஆன்டிபயாடிக்குகள் சிக்கல் செய்யும். கிருமி, அது இருக்கும் இடம், நோயாளியின் சிறுநீரகம், மற்ற மாத்திரைகள், அலர்ஜி எல்லாம் பார்த்து, வேலை நடக்கக்கூடியவற்றில் சாதுவான மருந்தைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்ல வைத்தியம். பெரிய மருந்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அக்கா கதை. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்கவில்லை, மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாளில் எரிச்சல் குறைந்தது. மிச்சத்தை டப்பாவில் போட்டு வைத்துவிட்டாள். பத்து நாள் கழித்து நடுங்கும் குளிரோடு ஜுரம். மிச்சமிருந்த இரண்டையும் போட்டுக்கொண்டாள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஒரு ஆன்டிபயாடிக் ஊசியும் போட்டார்கள். மறுநாள் பேச்சு குழறியது, என் அத்தானையே யாரென்று கேட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேதான் முதல் முறையாக யூரின் கல்ச்சரும் ரத்தக் கல்ச்சரும் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. 'வளர்ச்சி இல்லை.'

அந்த இரண்டு வார்த்தையை என் சர்வீசில் எத்தனை ரிப்போர்ட்டில் எழுதியிருப்பேன்! அன்றைக்குத்தான் அதன் முழு அர்த்தம் புரிந்தது. கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. தட்டில் வளர முடியாத அளவுக்கு மருந்து அதை அமுக்கி வைத்திருக்கிறது, உடம்பை விட்டு விரட்டவில்லை என்று அர்த்தம். டாக்டர் என்னைப் பார்த்து, "முன்னாடி என்ன மாத்திரை குடுத்தீங்க சார்? யார் எழுதினது?" என்று கேட்டார். என் வேலை என்ன என்று அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

எந்தக் கிருமி என்று தெரியாததால் எல்லாவற்றையும் சேர்த்து அடிக்கிற மெரோபெனம் ஊசியைப் பத்து நாள் போட வேண்டியதாயிற்று. அக்கா பிழைத்து எழுந்தாள், கடவுள் புண்ணியம். ஆனால் கிரியாட்டினின் பழைய அளவுக்கு இன்னும் இறங்கவில்லை. அதைவிடச் சின்ன மருந்தே போதுமாக இருந்திருக்குமோ? அந்தக் கேள்விக்கு இனி பதில் கிடையாது. பதில் சொல்லக்கூடிய சாம்பிளை நானே கெடுத்துவிட்டேன்.

இது புதிய ஞானம் ஒன்றும் இல்லை. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945 டிசம்பரில் நோபல் பரிசு உரையிலேயே, மருந்தைக் குறைந்த அளவில் அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். நம் நாட்டில் 2014 முதல் வீரியமான பல ஆன்டிபயாடிக்குகளுக்கு எச்-1 பட்டியல் உண்டு. சீட்டு இல்லாமல் தரக்கூடாது, யாருக்குக் கொடுத்தார்கள் என்று கடையில் தனி ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு போடுவதும் நமக்காகத்தான். சட்டம் இருக்கிறது. அதைக் கடைக்காரரின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. கேட்டு வாங்குகிறவர்கள் நாம்தானே? சிபாரிசு செய்கிறவர்களும் என்னைப்போன்ற அரைகுறை வைத்தியர்கள்தான்.

"கல்ச்சருக்குக் காசு செலவு, ரெண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் எரிச்சலோட உட்கார்ந்திருக்கணுமா?" என்று நீங்கள் கேட்பது நியாயம். எல்லாவற்றுக்கும் கல்ச்சர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சளி, சாதாரண வைரஸ் ஜுரத்துக்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம். நான் சொல்வது வரிசையைப் பற்றி. எடுக்க வேண்டிய இடத்தில் சாம்பிள் முதலில், மாத்திரை பிறகு. சாம்பிள் கொடுத்த ஐந்தாவது நிமிஷமே டாக்டர் மருந்தைத் தொடங்கலாம், ரிப்போர்ட் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். குளிர் ஜுரம், மூச்சு வாங்கல், பேச்சுத் தடுமாற்றம் என்று ஆபத்தான நிலையில் வந்தால் ரிப்போர்ட்டுக்காக ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அப்போதும் முடிந்தவரை சாம்பிளை எடுத்துவிட்டே ஊசி போடுவார்கள்.

இதற்கு நேர் எதிரான தப்பும் ஒன்று உண்டு. முழு உடல் பரிசோதனையில் யூரினில் பாக்டீரியா இருக்கிறது என்று வந்தால் சிலர் பயந்து மாத்திரை கேட்கிறார்கள். நம் வயதில், குறிப்பாகப் பெண்களுக்கு, எரிச்சலோ ஜுரமோ இல்லாமல் அப்படி இருப்பது சகஜம். சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் மாதிரி ஏதாவது இருந்தால் ஒழிய, தொந்தரவு இல்லாதபோது அதற்கு வைத்தியம் தேவையில்லை.

ஆகவே என் கட்சி இதுதான். டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதும்போது மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், மாத்திரை போடறதுக்கு முன்னாடி கல்ச்சருக்குக் குடுத்துடட்டுமா?" நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்வார். வீட்டில் மிச்ச மாத்திரை வைத்துக்கொள்ளாதீர்கள். தம்பி சொன்னான், பக்கத்து வீட்டு மாமி சொன்னாள் என்று போடாதீர்கள். லேபில் முப்பது வருஷம் இருந்த தம்பி சொன்னாலும் போடாதீர்கள்.

போன மாதம் அக்காவுக்கு மறுபடி லேசான எரிச்சல். போன் செய்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "நீ ஒண்ணும் சொல்லாதே. டாக்டர்கிட்டதான் கிளம்பிக்கிட்டிருக்கேன். டப்பாவுல பிடிச்சு எடுத்துக்கிட்டேன்" என்றாள். இந்தத் தடவை ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் வந்தது. ஐந்து நாள் சாதாரண மாத்திரையில் சரியாகிவிட்டது.