பென்னாகரம் யாருக்கும் பட்டா போட்ட தொகுதி அல்ல!

பென்னாகரத்தை 'எங்க கோட்டை' என்று எந்தக் கட்சியும் மார்தட்ட முடியாது.

1996, 2001ல் பா.ம.க.வின் ஜி.கே.மணி. 2006ல் தி.மு.க.வின் பெரியண்ணன். அவர் மறைந்ததால் 2010ல் இடைத்தேர்தல். ஜெயித்தவர் பெரியண்ணன் மகன் இன்பசேகரன். இரண்டாவது வந்தவர் மணியின் மகன்! அ.தி.மு.க.வுக்கு டெபாசிட்டே போச்சு. 2011ல் இந்திய கம்யூனிஸ்டு நஞ்சப்பன். 2016ல் மறுபடி இன்பசேகரன், தோற்றவர் அன்புமணி! 2021ல் திரும்பவும் மணி.

மாத்தி மாத்திப் பார்க்கிறார்களே, சும்மாவா? பக்கத்திலேயே ஒகேனக்கல்லில் காவிரி கொட்டுகிறது. ஜனங்கள் குடித்ததோ புளோரைடு கலந்த நிலத்தடித் தண்ணி, பல்லெல்லாம் கறை! கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறந்ததே 2013ல்தான்.

ஓட்டு கேட்டு வர்றவங்களே, ஜாதிக் கணக்கை மூட்டை கட்டுங்க. கடைசி ஊர்க் குழாயிலும் தண்ணி வருதான்னு முதல்ல பாருங்க!