உறக்கத்திற்கு ஓர் அறை

காஞ்சியை அடுத்த கூரத்தில், கூரத்தாழ்வானின் மாளிகைக் கதவை நள்ளிரவில் சாத்தும் ஓசை வரதராசர் கோயில் வரை கேட்டதாகவும், அது என்ன ஓசை என்று பெருந்தேவித் தாயாரே வினவியதாகவும் வைணவ மரபில் ஒரு கதை உண்டு. அதைக் கேட்டு நாணிய அவர் செல்வமனைத்தும் துறந்து திருவரங்கம் சென்றார் என்பார்கள். 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் பொதுமுடக்கம் தொடங்கியபோது அவ்வட்டாரத்தின் கதவுகள் பகலிலும் சாத்தப்பட்டன. திருமணங்கள் தள்ளிப்போயின, பட்டுக்கு வாங்குவோர் இல்லை, தறி ஓய்ந்தது, நெய்தால் மட்டுமே கிடைக்கும் கூலியும் நின்றது. உறக்கமும் அவற்றோடு போயிற்று.

உறக்கமின்மையைப் பாடுவதில் நாம் வல்லவர்கள். உலகமெல்லாம் துயில, தான் மட்டும் விழித்திருக்கும் தலைவியைக் குறுந்தொகையின் 6ஆம் பாடலில் பதுமனார் நிறுத்தியிருக்கிறார். ஆனால் கவிதையில் நாம் அதற்குக் கொடுத்த மதிப்பை மருத்துவத்தில் கொடுக்கவில்லை. "வேலையில்லாதவனுக்குத் தூக்கம் எப்படி வரும்?" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

அக்கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. உறக்கத்தைக் கெடுக்கும் காரணம் வேறு, கெட்டதை நீடிக்கவைக்கும் காரணம் வேறு என்று ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் பிரித்துக் காட்டினார். கடன் உறக்கத்தைக் கெடுக்கிறது. பகல் தூக்கம், நேரம் தவறிய படுக்கை, படுத்தபடியே விடியும்வரை கணக்குப் போடுதல் ஆகியவை அதை நிலைக்கச் செய்கின்றன. முன்னதை மருத்துவர் தீர்க்க இயலாது. பின்னதைத் தீர்க்க இயலும். நாட்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரையைவிட இத்தகைய நடத்தைவழிச் சிகிச்சையே முதலில் தரத்தக்கது என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது.

முடக்கம் தொடங்கிய அதே மார்ச் 25 அன்று இந்தியாவில் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளியாயின. போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும் மருந்துகளைத் தொலைவழியே எழுதித்தர அவை தடை விதித்தன. தூக்க மாத்திரைகள் பலவும் அதில் அடங்கும். ஆகவே இணையவழி உளச்சிகிச்சைக்கு இடம் பிறந்தது.

ஆனால் அந்தச் சிகிச்சை யாருடைய வீட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது? உறக்கம் வரவில்லையெனில் எழுந்து வேறோர் அறைக்குச் செல்க என்பது ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்த விதி. தறியே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும் வீட்டில் வேறோர் அறை ஏது? பிள்ளைகளின் இணைய வகுப்புக்குப் போக எஞ்சிய நேரத்தில் கிடைக்கும் ஒரே கைபேசியில், வீட்டார் அனைவரும் கேட்க, தன் கடனையும் அச்சத்தையும் ஒருவர் எப்படிச் சொல்வார்?

இதனால் சிகிச்சையே பொருந்தாது என்று நாம் கருதவில்லை. விதியின் உட்பொருள், படுக்கைக்கும் விழிப்புக்கும் உள்ள பிணைப்பை அறுப்பது. கட்டிலை நகர்த்த முடியாது, பாயைச் சுருட்டலாம். பாயைச் சுருட்டிவைத்துத் திண்ணையில் அமர்ந்திருந்து, கண் சொக்கும்போது மட்டும் மீண்டும் விரிப்பது அவ்விதியின் தமிழ் வடிவமாகலாம். இப்படி மாற்றிச் சொல்ல, இவ்வாழ்க்கையை அறிந்த சிகிச்சையாளர் வேண்டும். ஆங்கிலச் செயலியின் மொழிபெயர்ப்பு போதாது.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைக்கலாம். காணொளியும் இணையமும் இல்லாத சாதாரணக் கைபேசியே போதும். நல்ல தொடக்கம். ஆயினும் கூலி நின்ற வீட்டுக்கு ஆறுதல் சொல்லும் அரசு, கூலிக்கும் வழி செய்யவேண்டும். உறங்கக் கற்பிப்பது கடனை மறக்கச் செய்வதற்கன்று. மறுநாள் அதை எதிர்கொள்ளும் தெம்பைத் தருவதற்கே.